சர்க்கரைக் கட்டத்தில் எழுதிய ‘இல்லை’

எங்கள் காசநோய்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ரம்யா போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். “மேடம், மருந்துக்கு அடங்காத டிபிக்கு இப்ப ஆறே மாசத்துல முடியிற மாத்திரை வந்துருச்சு. ஒருநாள் வந்து உங்க பழைய கதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிட்டுப் போங்களேன்” என்றாள்.

பழைய கதை என்றது எனக்குச் சுருக்கென்றிருந்தது. ஓய்வு பெற்று முழுதாக ஒரு வருடம் ஆகவில்லை, அதற்குள் கதையாகிவிட்டேனா? ஆனால் ஆறு மாதம் என்று கேட்டதும் கோபம் போன இடம் தெரியவில்லை. இரண்டு வருடம் மருந்து தின்று, மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டு, நோய் போனதோடு காதும் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன சொல்வது என்று யோசித்தபோது, சொல்லிக்கொள்ளும்படியான சாதனை எதுவும் நினைவுக்கு வரவில்லை. நான் செய்த ஒரு தப்புதான் முதலில் வந்து நின்றது.

நான் அந்தப் பிரிவில் சிகிச்சை மேற்பார்வையாளராக இருந்தேன். சிவகங்கையில் சில வாரம், மதுரையில் சில வாரம் பயிற்சி கொடுத்து, ஒரு பையையும் நான்கு பதிவேடுகளையும் கையில் தந்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் கற்றதெல்லாம் மொபெட்டில் போய்க் கற்றதுதான். கல்லல், கண்டரமாணிக்கம், நெற்குப்பை என்று சுற்றாத தெரு இல்லை. என் வண்டி ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டில் டிபி என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதால், இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போவேன். பாதிப் பேர் என்னை இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்றே நினைத்திருந்தார்கள். நானும் மறுக்கவில்லை. ஒரு பெரியவர் பாலிசி போட்டே தீருவேன் என்று என்னை விரட்டிக்கொண்டு வந்ததுகூட உண்டு.

வேலையில் பாதி, சளி வாங்குவது. கேட்பதற்கு அருவருப்பாக இருக்கலாம், ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, வெட்டவெளியில் நின்று, மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சுக்குள்ளிருந்து இருமித் துப்ப வேண்டும். முக்கால்வாசிப் பேர் எச்சிலைத் துப்பிக் கொண்டுவந்து நீட்டுவார்கள். திருப்பி அனுப்பினால் முகம் சுருங்கும். டப்பாவில் பெயர் எழுதுவதற்கும் முறை இருக்கிறது. மூடியில் எழுதக் கூடாது, டப்பாவின் வயிற்றில்தான் எழுத வேண்டும். மூடிகள் மாறிவிடும். மூடி மாறினால் ஒருவரது நோய் இன்னொருவர் தலையில் ஏறும். இந்த விஷயத்தில் நான் படு கறார். என்னோடு வேலை பார்த்தவர்கள் எனக்கு ‘மூடி மேடம்’ என்று பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

எங்கள் டாக்டர் சவரிராஜ் வேறு மாதிரி. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. தப்பு நடந்துவிட்டால் நோயாளியின் சிகிச்சை அட்டையை எடுத்து நம் கையில் கொடுப்பார். “வாசிங்கம்மா, பேருல இருந்து” என்பார். நாம் பெயர், வயது, எடை என்று ஒவ்வொரு கட்டமாக வாசித்துக்கொண்டே போக வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தப்பு இருக்கும் கட்டம் வரும்போது நம் குரல் தானாக இறங்கிவிடும். அவர் கண்ணைத் திறப்பார், அவ்வளவுதான். அதற்கு நாலு திட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம் என்று தோன்றும்.

சோலைமலை எங்களிடம் வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு. கண்டரமாணிக்கத்துக்காரர். கல்யாண வீடுகளுக்குச் சமைப்பவர், முக்கியமாகப் பலகாரம். அதிரசம், கந்தரப்பம், மாவுருண்டை என்று அவர் கை பட்டால் ருசி தனி என்பார்கள். இருமல் ஐந்து மாதமாக இருந்திருக்கிறது. “அடுப்புப் புகைம்மா, மொளகா நெடிம்மா” என்று தள்ளிப் போட்டிருக்கிறார். உடம்பு இளைத்ததற்கும் அடுப்புதான் காரணம். எப்போது பார்த்தாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்ததற்கும் அடுப்புதான். ஒரு சமையல்காரருக்கு எந்த நோய் வந்தாலும் பழி அடுப்பு மேல்தான் விழும் போலிருக்கிறது.

சளியில் கிருமி இருந்தது. மரபணுச் சோதனை இயந்திரம் இரண்டே மணி நேரத்தில், வழக்கமான மருந்துக்கு அடங்கும் கிருமிதான் என்றும் சொல்லிவிட்டது. எல்லாம் நல்ல சேதி. நான் அட்டையை எடுத்து எழுதத் தொடங்கினேன். காசநோய் வந்தவர்கள் எல்லோருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பது விதி. வெளியில் கூட்டம். எதிரில் உட்கார்ந்திருந்தவரோ எலும்பும் தோலுமாக இருந்தார்.

“சக்கரை கிக்கரையெல்லாம் ஒண்ணும் இல்லைல்ல?” என்று எழுதிக்கொண்டே கேட்டேன்.

“எனக்கென்னம்மா சக்கரை? பாத்தாத் தெரியலையா? காத்தடிச்சாப் பறந்துருவேன்” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். சர்க்கரைக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். ஊசி முனையால் விரலில் ஒரு குத்து, ஒரு துளி இரத்தம், ஒரு நிமிட வேலை. அதைச் செய்யவில்லை. சர்க்கரை என்றால் தொந்தியும் நாற்காலியும் உள்ளவர்களுக்கு வருவது என்ற நினைப்பு எனக்குள் அப்படி ஊறிக் கிடந்தது. மூடியில் பெயர் எழுதினால் கத்துகிற நான், இங்கே ஆளைப் பார்த்தே கட்டத்தை நிரப்பிவிட்டேன்.

மாத்திரை கொடுக்கும் பொறுப்பு அவர் மனைவி பஞ்சவர்ணத்துக்கு. தினமும் காலையில் எதிரில் நின்று விழுங்க வைப்பார். இரண்டாம் மாதம் சளியில் கிருமி இருந்தது. சரி, சிலருக்குத் தாமதமாகும். ஐந்தாம் மாதமும் இருந்தது. எடை ஏறவில்லை. எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

“உண்மையைச் சொல்லுங்க, மாத்திரையைச் சாக்கடையிலதான போடுறீக?” என்று எடுத்த எடுப்பில் கேட்டேன்.

சோலைமலை சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பஞ்சவர்ணம் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தார். ஐந்து மாதத்து மாத்திரை அட்டைகள், எல்லாம் காலி, தேதி வாரியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது.

“எண்ணிப் பாருங்க. ஒண்ணு கொறைஞ்சா நான் பேரை மாத்தி வச்சுக்கிறேன். அவுக வாயைத் தொறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாத்துத்தான் நகருவேன். எங்களைச் சொல்றீகளே, மாத்திரையில நோவு இருக்கலாம்ல?” என்றார்.

நான் எண்ணவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் ஒருநாள்கூடத் தவறவில்லை, பிறகு தவறியது யார்? வண்டியில் வரும்போது அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை நேரத்தில் அவர் சொம்பை மூன்று முறை நிரப்பிக் குடித்தது என் கண்ணில் பட்டதே தவிர, மூளையில் பதியவில்லை.

மறுபடி மரபணுச் சோதனை செய்தோம். இந்த முறை கிருமி மருந்துக்கு அடங்கவில்லை. ஐந்து மாதத்துக்குள் எதிர்க்கக் கற்றுக்கொண்டிருந்தது. டாக்டர் முடிவைப் பார்த்தார். அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“வாசிங்கம்மா, பேருல இருந்து.”

பெயர் சோலைமலை. வயது ஐம்பத்து இரண்டு. எடை நாற்பத்து ஒன்று. புகை, முன்பு உண்டு, இப்போது இல்லை. சர்க்கரை...

“இல்லை” என்று வாசித்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். “எந்தத் தேதியில பாத்தது?”

தேதிக்கான இடம் காலியாக இருந்தது. முப்பது வருடத்தில் நான் அழுதது அன்று ஒருநாள்தான். டாக்டர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, “அவரை நாளைக்கு வெறும் வயித்துல வரச் சொல்லுங்க” என்றார். மறுநாள் விரலில் குத்தினேன். வெறும் வயிற்றிலேயே சர்க்கரை முந்நூறைத் தாண்டி நின்றது.

அதற்கப்புறம் டாக்டர் சொல்லித்தான் பல விஷயங்கள் எனக்குப் புரிந்தன. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் சில மாத்திரைகள் வேண்டிய அளவு இரத்தத்தில் சேர்வதில்லை. நோயாளி ஒழுங்காக விழுங்கினாலும் கிருமிக்குப் போய்ச் சேர்வது அரைகுறை மருந்துதான். அரைகுறை மருந்தில் கிருமி பழகிக்கொள்ளும். போதாததற்கு, கிருமியைப் பிடித்து அழிக்க வேண்டிய வெள்ளை அணுக்களும் சர்க்கரையில் மந்தமாகிவிடும். கிருமிகளில் ஒரு பகுதி உடம்பின் கொழுப்பைத் தின்றுகொண்டு தூங்கும். தூங்குகிற கிருமியை மருந்தால் லேசில் கொல்ல முடியாது. “இவருக்கு இதனாலதான் வந்துச்சுன்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா நாம வழி விட்டுட்டோம்” என்றார். ‘நீங்கள்’ என்று சொல்லாமல் ‘நாம’ என்றது எனக்கு இன்னும் உறுத்தியது.

புதிய சிகிச்சை தொடங்கியது. ஊசி இல்லை, எல்லாம் மாத்திரைதான், ஆனால் பதினெட்டு மாதம். சர்க்கரைக்கு இன்சுலின். சளி சுத்தமாகும்வரை கல்யாண வீடுகளுக்குப் போகக் கூடாது என்றார் டாக்டர். வீட்டுக் கொல்லையில் திறந்த கொட்டகை போட்டு, முகக்கவசம் கட்டிக்கொண்டு, கணவனும் மனைவியுமாக ஆர்டருக்குப் பலகாரம் செய்தார்கள். காசநோய் காற்றில் பரவுமே தவிர பலகாரத்தில் பரவாது. பஞ்சவர்ணத்தையும் சோதித்தோம், நோய் இல்லை.

ஒரு மாதம் போயும் சர்க்கரை இறங்கவில்லை. சோலைமலை என்ன சாப்பிட்டேன் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். கேப்பைக்கூழ், அவரைக்காய், முட்டை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. இந்த முறை நான் சத்தம் போடவில்லை. ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முன்பகல் முழுக்க அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாகு கொதித்தது. அவர் ஒரு சொட்டை எடுத்து இரு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். அப்படியே முகக்கவசத்தை இறக்கி விரலை நாக்கில் வைத்தார். கொஞ்சம் கழித்து மறுபடி. எண்ணெயிலிருந்து எடுத்த அதிரசத்தின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். மாவுருண்டைக்குப் பிசைந்ததில் ஒரு சிட்டிகை. நான் விரல் விட்டு எண்ணினேன். இரண்டு கைகளும் போதவில்லை.

“அண்ணே, இதையெல்லாம் நோட்டுல எழுதலையே?”

“எதை?” நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. “தின்னதைத்தான எழுதச் சொன்னீக? இது பதம் பாக்குறதும்மா.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. வாய்க்குள் போனால் எல்லாம் ஒன்றுதான் என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டார். “ருசி பாக்காமப் பலகாரம் போடச் சொன்னா, கண்ணைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டுற மாதிரி. அதுக்கு நான் அடுப்பை அணைச்சுட்டுப் படுத்துக்கிறேன்” என்றார். சொன்னது கோபத்தில் அல்ல. அந்தத் தொழில் போனால் அவருக்கு வேறு ஒன்றும் இல்லை என்பது அந்தக் குரலில் இருந்தது. மாத்திரை தின்று பிழைத்தாலும் எதற்கு என்று கேட்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

மாவு இடித்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். “படைப்புக்கு மட்டும் எந்த வாயால ருசி பாத்தீக?”

எங்கள் பக்கம் வீட்டில் செத்துப்போன மூத்தவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை இலை போட்டுப் படைப்பார்கள். அந்தச் சமையலை, படைத்து முடிக்கும்வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. உப்பும் இனிப்பும் கண்ணாலும் மூக்காலும் கைப்பக்குவத்தாலும் நிற்க வேண்டும். படைப்புச் சமையலுக்கென்றே சோலைமலையைத் தேடி வருவார்கள். இருபது வருடத்தில் ஒரு படைப்பிலும் உப்பு குறைந்ததில்லை என்பது அவரே சொல்லிக்கொள்ளும் பெருமை.

அவர் மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றினார். “சரித்தா, இனிமே இந்த அடுப்புல வேகுறது பூராம் படைப்புதான்” என்று கரண்டியை எடுத்தார்.

மூன்று வாரத்தில் சர்க்கரை பாதியாக இறங்கியது. நான் துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்க மதுரை ஆய்வகத்துக்கு அனுப்பிய சளியில் அடுத்த மாதமும் கிருமி வளர்ந்தது. அதற்கடுத்த மாதமும் வளர்ந்தது. சோலைமலை டாக்டர் முன்னால் வந்து உட்கார்ந்து, “சொன்னதெல்லாம் செஞ்சுட்டேன் சார். இன்னும் ஏன் போக மாட்டேங்குது?” என்றார். என்னால் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

டாக்டர் அவருக்குப் பொறுமையாகச் சொன்னார். “நம்ம மரபணுவுல இருக்கிற எழுத்து மாறாது. ஆனா எந்த எழுத்தை இப்ப வாசிக்கணும், எதை மூடி வைக்கணும்னு ஒடம்பு அதுமேல அடையாளம் வச்சுக்கிரும். எபிஜெனடிக்ஸ்னு சொல்றாங்க. ரொம்ப நாள் சக்கரை ஏறியிருந்தா, கிருமியோட சண்டை போடுற அணுவுல அந்த அடையாளம் தப்பா விழுந்துருது. கிருமியும் தன் பங்குக்கு மாத்தி வைக்குது. சக்கரை எறங்குன அன்னைக்கே அது அழியிறதில்ல. இன்னும் ஆராய்ச்சி நடந்துக்கிட்டுத்தான் இருக்கு, எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அது கல்லுல வெட்டுனது இல்ல, மாறும்.”

சோலைமலை அதைத் தன் தொழில் பாஷையில் சொல்லிப் பார்த்தார். “தோசைக்கல்லுல ஒருநாள் புளிக்கொழம்பைக் காச்சிட்டா, எம்புட்டுத் தேச்சுக் கழுவுனாலும் நாலு நாளைக்குத் தோசை ஒட்டும் சார். அதுக்காகக் கல்லைத் தூக்கியா போடுறோம்? வெங்காயத்தை வெட்டி எண்ணெயைத் தொட்டுத் தேச்சுத் தேச்சு வழிக்குக் கொண்டாந்துருவோம். அப்படியா?”

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். “அப்படியேதான். இன்னும் கொஞ்சம் தேப்போம்” என்றார். அதன் பிறகு யாருக்கு இந்த விஷயத்தை விளக்கினாலும் அவர் தோசைக்கல்லைத்தான் சொன்னார்.

நான்காம் மாதச் சளியில் கிருமி வளரவில்லை. ஐந்திலும் இல்லை, ஆறிலும் இல்லை. மதுரையிலிருந்து வந்த தாளைப் பையில் வைத்துக்கொண்டு கண்டரமாணிக்கம் போன அன்று, முதல் முறையாக வண்டியை அவர்கள் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். தொலைபேசியில் சேதி சொன்னபோது பஞ்சவர்ணம்தான் அப்படி நிறுத்தச் சொல்லியிருந்தார். “நோவு போயிருச்சுன்னு வாரீக, எதுக்கு ஒளிஞ்சு வாரீக?” என்றார். எடை ஐம்பதைத் தாண்டிய பிறகு சோலைமலை நெற்குப்பையில் ஒரு கல்யாணத்துக்குப் பலகாரம் போட்டார். பதினெட்டு மாதமும் முடிந்தது. அவர் அட்டையில் ‘குணமடைந்தார்’ என்று எழுதிவிட்டுத்தான் நான் ஓய்வு பெற்றேன்.

ஆனால் ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அந்த ‘இல்லை’யை எழுதியது நான்தான் என்று அவரிடம் சொல்லவே இல்லை. பதினெட்டு மாதமும் வாய் வரை வந்து திரும்பிப் போனது. போன வாரம் அவர்கள் வீட்டில் படைப்பு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். படைத்து முடித்ததும் முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். உப்பு, புளி, இனிப்பு எல்லாம் கச்சிதம். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. கை கழுவும் இடத்தில் சோலைமலையிடம் சொல்லிவிட்டேன்.

“அண்ணே, முதல் நாளு உங்க அட்டையில சக்கரை இல்லைன்னு எழுதுனது நான்தான். பாக்காமலே எழுதுனேன். அன்னைக்குப் பாத்திருந்தா உங்களுக்கு வழக்கமான மருந்துலயே ஆறு மாசத்துல முடிஞ்சிருக்கும்.”

அவர் சொம்பிலிருந்து என் கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். “எதுத்தாப்புல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானம்மா இருந்தேன், எனக்குத் தெரியாதா? அதுக்கு முந்தின வருசமே ஒரு முகாம்ல எனக்குச் சக்கரை இருக்கும்போல, திரும்ப வந்து பாருங்கன்னாக. பலகாரக்காரனுக்குச் சக்கரைன்னா யாரு கூப்பிடுவான்னு போகலை. நீங்க ‘இல்லைல்ல’ன்னு கேட்டீக. பதிலை நீங்களே கையில குடுக்கிறப்ப, நான் வேறவா சொல்லப் போறேன்? நானும் ஒரு பொய்யி, நீங்களும் ஒரு பொய்யி.”

அதனால் என் பாரம் குறையவில்லை. மனிதர் பயத்தில் பொய் சொல்வார். அதற்காகத்தானே விரலில் குத்தச் சொல்லியிருக்கிறார்கள்? ஒரு துளி இரத்தம் உண்மையைச் சொல்லியிருக்கும். இதை அவரிடமே சொன்னேன்.

“அது சரி” என்று துண்டை நீட்டினார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உள்ள உக்காந்ததுல இருந்து நாலு சொம்பு தண்ணி குடிச்சுட்டீக. நீங்க எப்பம்மா கடைசியாச் சக்கரை பாத்தீக?”

“எனக்கெல்லாம் என்ன...” என்று ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டேன்.

ரம்யா குறித்திருந்த நாளில் காலை எட்டு மணிக்கெல்லாம் காசநோய்ப் பிரிவுக்குப் போய்விட்டேன், வெறும் வயிற்றில். கதை பதினோரு மணிக்குத்தானே மேடம் என்றாள். கதைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, எனக்கும் ஓர் அட்டை போடு என்றேன். சிரித்துக்கொண்டே அட்டையை எடுத்தாள். பெயர் எழுதினாள். வயது கேட்டு எழுதினாள். எடை பார்த்து எழுதினாள். பேனா அடுத்த கட்டத்துக்கு வந்தது. வெளியில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது.

“சக்கரையெல்லாம் ஒண்ணும் இல்லைல்ல மேடம்?” என்றாள் நிமிராமலே.

நான் விரலை அவள் முன்னால் நீட்டினேன்.

“பாத்துட்டு எழுதும்மா.”